ஒண்ணாம் நம்பர் ரோடு

எறங்காதீங்க தம்பி, எறங்காதீங்க. முட்டி வரைக்கும் உள்ள போயிடும். ஜீப்பு எங்கயும் ஓடிப்போவாது. என்னாது, நாலு சக்கரமும் இழுக்குற கியரா? போடுங்க, நல்லாப் போடுங்க. போடப் போட இன்னும் கீழதான் எறங்கும். இந்தக் களிமண்ணப் பத்தி உங்க டிரைவருக்கு என்னா தெரியும், பாவம். மாட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், வரும். அதுவரைக்கும் நான் சொல்றதக் கேளுங்க. இந்தச் சேத்துல வேற என்னா வேலை இருக்கு உங்களுக்கு?

உங்க பேப்பர்ல இது ஒண்ணாம் நம்பரு தடம்னு இருக்கா? இருக்கும், இருக்கும். அந்தக் கல்லுலயும்தான் பெயிண்டுல போட்டிருக்கு, திரும்பிப் பாருங்க. அதுல மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கே, எங்க ஊரு ஆம்பளைங்க வேல. சிரிக்காதீங்க தம்பி. எனக்கு வயிறு எரியிது.

ஓட்டுப் பெட்டி எந்த ஊருக்கு எதுல போவும்னு பாத்து எழுத இப்ப நீங்க வந்திருக்கீங்கல்ல? போன எலெக்ஷனுக்கும் இப்படித்தான் ஒருத்தரு வந்தாரு. வந்தது சித்திரை மாசம். மண்ணு சிமெண்டாட்டம் காஞ்சி கெடக்குது. காரே போவும்னா ஒண்ணு, ஜீப்பு போவும்னா ரெண்டு, ஜீப்பே தெணறும்னா மூணு, மாட்டு வண்டிதான் கதின்னா நாலுன்னு அவருதான் வெவரம் சொன்னாரு. நல்ல மனுசன். மழையில எப்படி இருக்கும்னு கேட்டாரு. கேட்டுப்புட்டு மூணுன்னு எழுதறேன்னாரு. அவரு மேல நான் குத்தம் சொல்லல.

எங்க பிரசிடெண்டுக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சி ரோசம். மூணாம் நம்பரு ஊருன்னு பேரு வந்தா எவன் பொண்ணு குடுப்பான், எவன் பொண்ணு எடுப்பான்னு குதிச்சாரு. கோழி அடிச்சி, வெள்ளாத்துக் கெண்டைய வறுத்து, அந்த மனுசனத் தின்ன வச்சே மடக்கி, ஒண்ணுன்னு எழுத வச்சிட்டுத்தான் வுட்டாரு. பக்கத்துல ஆண்டிக்குழிக்கு மூணு வுழுந்துச்சி. அன்னிக்கு எங்க ஊருல மேளம் கொட்டுனானுங்க தம்பி. பரிட்சையில மொதல்ல வந்துட்ட மாதிரி.

அப்பறம் என்னா ஆச்சி? மூணு வாங்குன ஆண்டிக்குழிக்கு சர்க்காரு கப்பிக் கல்லு கொட்டி ரோடு போட்டுது. வாய்க்கால் மேல பாலமும் கட்டிக் குடுத்துது. எங்களுக்கு ஒரு கூடை மண்ணு வரல. ஒண்ணாம் நம்பரு ரோட்டுக்கு என்னாத்துக்குச் செலவுன்னு உங்க ஆபீசுல கேட்டாங்களாம். கேக்க மாட்டாங்களா பின்ன? எனக்கு ஒரு சீக்கும் இல்லன்னு மார தட்டறவனுக்கு எந்த டாக்டரு மருந்து குடுப்பாரு? அப்பயும் எங்காளுங்களுக்குப் புத்தி வரல. சேத்தியாத்தோப்பு சந்தைக்குப் போனா, நாங்க ஒண்ணாம் நம்பரு ஊருன்னு மீசைய முறுக்கிக்கிட்டுத்தான் திரிஞ்சானுங்க.

ஏன் இவ்வளவு கோவமா? சொல்றேன். அமிர்தம்னு ஒரு பொண்ணு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வந்திருந்திச்சி. போன ஐப்பசி, அடைமழை. புள்ளை குறுக்க நின்னுக்கிச்சி. மருத்துவச்சி தைலம்மா பாத்துட்டு, என்னால ஆவாது, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னுட்டா. சேத்தியாத்தோப்பு மில்லுக்காரருகிட்ட கெஞ்சி ஜீப்பு வாங்கியாந்தாங்க. அந்த டிரைவரு வெவரமானவன். ஆண்டிக்குழி கப்பி ரோட்ட சுத்திக்கிட்டு வந்தான், அப்படியே திரும்பப் போயிடலாம்னான்.

பிரசிடெண்டு வுடல. ஆண்டிக்குழிக்காரன் முன்னாடி போவறதா, ஒண்ணாம் நம்பரு ரோட்ட வச்சிக்கிட்டு எங்க கப்பியில வரியான்னு கேக்க மாட்டானான்னு, ஜீப்ப இந்தப் பக்கம் திருப்ப வச்சாரு. இப்ப உங்க முன் சக்கரம் நிக்குதே, அதே எடம். மாடு கட்டி இழுத்தாங்க, அன்னிக்கு மழையில மாடே நிக்க முடியாம வுழுந்துச்சி. பொழுது சாயறதுக்குள்ள புள்ளையும் போச்சி, அமிர்தமும் போயிடுச்சி. அது தலைய மடியில வச்சிக்கிட்டு நான்தான் ஒக்காந்திருந்தேன். நான் ஏன் இருந்தேனா? இருந்தேன், அவ்வளவுதான்.

அந்தா, மாடு வந்துடுச்சி. அவுங்க கயித்தக் கட்டட்டும், நீங்க என் பக்கம் பாருங்க. கத்தறேனா? ஆமா, கத்தறேன். இன்னிக்குக் காலையில பிரசிடெண்டு உங்ககிட்ட என்னா சொன்னாரு? பழைய நம்பரே இருக்கட்டும்னாரா? அதான பாத்தேன். ஒரு உசுரு போயும் அந்த ஒண்ணு மட்டும் போவ மனசு வரல அவருக்கு. எங்க எதுத்த வூட்டுப் புஷ்பவள்ளி இப்ப முழுவாம இருக்கா. அவளயும் இங்க கொண்டாந்து புதைக்கணுமா? மூணுன்னு எழுதுங்க தம்பி. நாலுன்னுகூட எழுதுங்க. ஊரு மானம் போனாப் போவட்டும், கப்பி வரட்டும்.

நீங்களா மாத்த முடியாதா? பிரசிடெண்டு ஒத்துக்கணுமா? சரி, கேட்டுடுங்க. தேடிக்கிட்டு எங்கயும் போவ வேணாம். ஜீப்புக்கு முன்னாடி குனிஞ்சி கயிறு கட்றாரே, அவருதான். காலையில வெள்ளைச் சட்டையில பாத்தீங்க, இப்ப கோமணத்தோட சேத்துல நிக்கவும் அடையாளம் தெரியல. நான் கூப்பிட மாட்டேன். அமிர்தத்த எடுத்துக்கிட்டுப் போன அன்னியிலேருந்து நான் அவருகிட்டப் பேசறதில்ல. சோறு போடுவேன், பேச மாட்டேன். அவருதான் எங்க வூட்டுக்காரரு. அமிர்தம் நாங்க பெத்த ஒரே பொண்ணு.

நீங்க கேளுங்க, இந்த ரோடு எத்தனாம் நம்பர்னு. நிமுந்து உங்களப் பாத்து சொல்லட்டும். கேட்டீங்களா? என்னா சொன்னாரு? எனக்குக் காதுல வுழல. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லுங்க.