கருப்பன் வாசலில் வாங்கிய சத்தியம்

கவுன்சிலர் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள், மேடம். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை. போதையிலிருந்து மீள வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவன். அழகுபாண்டி என்றால் பசுமலைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடமாகத் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறேன். வலி மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் சொல்வது சுலபமான விஷயங்கள்தான். தனியாக ஏற்றாதே. அடுத்தவன் ஊசியைத் தொடாதே. கொஞ்ச நாள் விட்டுவிட்டுத் திரும்பினால் பழைய அளவை உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்கள் விசாரணையில் நான் சொல்ல முடியாது.

முத்திருளன் சென்ட்ரிங் வேலைக்காரன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. வலிக்கு விழுங்கிய மாத்திரை ஆறே மாதத்தில் ஊசிக்கு வந்துவிட்டது. எங்கள் மையத்தில் டாக்டர் ரம்யாஸ்ரீ, ஊசி ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மருந்தை அவனுக்குத் தொடங்கினார். தினமும் காலையில் வந்து, எங்கள் கண்முன்னால் கரைத்துவிட்டு வேலைக்குப் போவான். பத்து மாதம் ஊசியைத் தொடவில்லை. பெண்டாட்டி அஸ்வினி முழுகாமல் இருந்தாள். பிழைத்துக்கொண்டான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அந்த மருந்தைப் புகழ்ந்து மேடையில் வாய் வலிக்கப் பேசுவேன். ஒரு மாத்திரையை விட்டு இன்னொரு மாத்திரை, இதில் என்ன மீட்சி என்றுதான் உள்ளுக்குள் நினைப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லக் கூசுகிறது.

நாகமலை புதுக்கோட்டையில் பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மருந்துகூட இல்லாமல் முழுசாக மீண்டவன் ஒருவனை மேடையில் நிறுத்த ஆசைப்பட்டேன். இன்னும் ஒரு வருடமாவது மருந்து வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவரிடம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முத்திருளனை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போனேன். பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆள் எவனும் பொய் சொல்ல மாட்டான். கோர்ட்டில் சொல்வான், அங்கே சொல்ல மாட்டான்.

"ஊசியும் தொட மாட்டேன், மாத்திரையும் தொட மாட்டேன்னு சொல்லுடா."

"மாத்திரையுமாண்ணே? டாக்டரம்மா வையுமே."

"கருப்பன விட டாக்டரம்மா பெருசா?"

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று மையத்தில் சொல்லிவிட்டேன். அத்தோடும் நிற்கவில்லை. மூச்சு நின்றால் மூக்கில் அடிக்க அஸ்வினியிடம் ஒரு மருந்து கொடுத்துவைத்திருந்தோம். எப்படி அடிப்பது என்று நான்தான் பழக்கியிருந்தேன். "சத்தியம் பண்ணுன வீட்டுல இது எதுக்குத் தாயி? சாமிய நம்பாத மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் போன் வந்தது.

"முடியலண்ணே. கை அதுவா ஊசியத் தேடுது. மறுபடியும் டாக்டரம்மா மாத்திரைக்கே வந்துர்றேனே."

ஊசி ஆசை வந்தால் ஏற்றுவதற்கு முன்னால் போன் பண்ணு என்று நான் சொல்லிக்கொடுத்தபடிதான் கேட்டான். கூட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தது.

"கருப்பன் வாசல்ல சொன்னத மாத்துவியாடா? பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கு, நெனச்சுப் பேசு."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் குளியலறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பழைய அளவையே ஏற்றியிருக்கிறான். கருப்பனுக்குப் பயந்து பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் கதவை உடைத்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். அஸ்வினி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, முகவாயை நிமிர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான் பழக்கியதையெல்லாம் வரிசையாகச் செய்திருக்கிறாள். மூக்கில் அடிக்க மட்டும் கையில் ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசினேன். தனியாக ஏற்றாதே என்றேன், கை தட்டினார்கள். வெட்கக்கேடு, மேடம், தட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அஸ்வினி எதிரில் வந்து நின்றாள்.

"சத்தியத்த மீறுனதுக்குக் கருப்பந்தானேண்ணே எடுத்துக்கிட்டாரு? புள்ளைய விட்டுருவாருல்ல?"

கருப்பன் இல்லை தாயி, நான்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "பேறுகாலம் முடியட்டும். சந்தனம் சாத்தி மன்னிப்புக் கேட்டுக்க, விட்டுருவாரு" என்றேன். தலையாட்டினாள். பாவி, நான் செய்ததற்கு அவளை மன்னிப்புக் கேட்க அனுப்பிவிட்டேன்.

முத்திருளனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அஸ்வினியிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு முகமில்லை. கேட்டுவிட்டு அவள் உடைந்துபோனால் ஒரு போன் மட்டும் பண்ணுங்கள், மேடம். நான் வந்து கவுன்சிலிங் கொடுக்கிறேன்.