மேல்பாதி மறைத்த படம்

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. போர்வையை இழுத்து மூடுங்கள். பயமாயிருந்தால் என் கையைப் பிடியுங்கள்; எனக்கும் ஒரு கை வேண்டும்.

ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், மாலை ஆறரைக்கே இருட்டு. கிளென்ஃபீல்டில் ஒரு மேட்டுத் தெரு... அதன் முடிவில் ஒரே ஒரு வீடு. மழையில் தனியாக ஏறிப் போனவள் கஜந்தினி, என் சிநேகிதி சாந்தகுமாரியின் பெறாமகள், கூடப்பிறந்தவளின் பிள்ளை. அங்கே தொண்ணூற்றைந்து வயது அமெரிக்கக் கிழவியைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு ஊட்டும் வேலை. அந்த வேலையில்தான் அவளுடைய வீசா தொங்கிக்கொண்டிருந்தது. அது போனால் பிள்ளையோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

வீட்டு நடையில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். மிசிசிப்பியில் ஒரு மரத்தடி விருந்து. நடுவில் கிழவியின் அப்பா, கையில் தட்டு. முன்னால் காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஆறு வயதுச் சிறுமி, வாய் நிறையக் கேக். சுற்றிவர ஊர்ச்சனம். எல்லோரும் சிரிக்கிறார்கள். மேல்பாதியை மட்டும் தடித்த வெள்ளை அட்டை மறைத்திருந்தது.

“அந்தச் சின்னப்பிள்ளை நான்தான். எங்கட பாரம்பரியம் அது. ஒவ்வொரு நாளும் தூசி தட்டு,” என்றாள் கிழவி.

ஒருநாள் தட்டும்போது... நாற்றம். கருகிய தலைமயிர், அதோடு கேக்கின் வனிலா. ‘கிரீச்... கிரீச்...’ பாரம் தாங்கும் கயிறு. அட்டையின் கீழ் விளிம்பில் ஒரு கால் பெருவிரல். நேற்று அது இல்லை.

மறுநாள் ஐந்து விரல். அதற்கு மறுநாள் இரண்டு பாதங்கள். கரிந்த பாதங்கள்.

“மேடம், மேல தொங்கிறது ஆர்?”

“அது ஒரு கறுப்பன். ஊரே சேர்ந்து எரிச்சுத் தூக்கினது. படத்தை அஞ்சலட்டையா அடிச்சு ஊரெல்லாம் அனுப்பினம். அந்த வருசம் அப்பா தேர்தலில வெண்டவர், தெரியுமே?”

“அவற்ர பேர்?”

“பேரை ஆர் கேட்டது!” கிழவி சிரித்தாள். “கேக் நல்ல ருசி.”

கஞ்சி வழியும் அந்த வாயைத்தான் கஜந்தினி துடைக்க வேண்டும். துடைத்தாள். கையை மூன்று தரம் கழுவினாள். வீசா, செல்லங்களே.

சனிக்கிழமை, வேலை முடிந்து வெளிக்கிடும் நேரம். முதல்முறையாகக் கிழவிக்கும் அந்தக் கயிற்றுச் சத்தம் கேட்டது.

“கஜி... என்ர அறைக் கதவைச் சாத்திப்போட்டுப் போ. கெதியா!”

கஜந்தினி நடைக்கு வந்தாள். படத்தில் பாதங்கள் இல்லை. கம்பளத்தில் கரித் தடம்... ஒன்று... இன்னொன்று. கிழவியின் அறையைப் பார்த்து.

கிழவி போனால் வேலை போகும், வீசாவும் போகும். அது அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்தாமல், பிடியில் வைத்த கையை எடுத்தாள். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

காலையில் கிழவி செத்துக் கிடந்தாள். வயது என்றார்கள்.

கஜந்தினி படத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் சிறுமி இல்லை. அட்டைக்குக் கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் தொங்கின.

மற்ற எல்லோரும் முன்போலவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டோடு நின்ற அப்பாவும்.