முதலில் மண்ணா, பந்தா?

காந்திபுரத்தில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் சாஃப்ட்பால் கிளவுசோடு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் அவளுடைய பி.டி. டீச்சரும் நின்றார்கள்.

“பந்த எடுக்காம எதுக்கு அம்மணி மண்ண அள்ளுனே?” என்றார் டீச்சர்.

“நீங்கதானுங்க மிஸ் சொன்னீங்க. கேட்ச் விட்டா ஒரு பிடி மண்ணெடுத்துப் பின்னால வீசு, தப்பு அதோட போச்சுன்னு.”

“பந்து எங்க கெடந்துச்சு?”

“கால்கிட்டத்தானுங்க.”

“அதுக்குள்ள எதிர் டீம் புள்ள ஓடி ரன் எடுத்துப்போட்டாளே!”

“மொதல்ல பந்துன்னு நீங்க சொல்லலீங்களே. எதை எப்பச் செய்யறதுன்னே தெரியலீங்க. நாளைலிருந்து நான் பிராக்டீசுக்கு வரமாட்டனுங்க.”

டீச்சரை நாலு கேள்வி கேட்கலாம் போல இருந்தது. மண்ணை அள்ளியவளை மட்டும் என்ன சொல்வது?

பெரியநாயக்கன்பாளையத்தில் மூவரும் இறங்கினோம். டீச்சர் ரோட்டோரம் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார்.

“நீங்க எதுக்குங்க மிஸ்?”

“செரியாச் சொல்லிக் குடுக்காதது என்னோட தப்புத்தானே கண்ணு.”

வீசப்போன கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“இங்க வேண்டாமுங்க. நாளைக்கு கிரவுண்டுல வீசிக்கலாம். மொதல்ல பந்து எங்கன்னு பாக்கோணும்.”