துணை நின்றவர்கள்

இந்நகரச் செய்தியாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். துறைமுகத்தடியில் மூதூர் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் நின்ற செய்தியாளர் இருவர் பேசியது காதில் விழுந்தது. இளையவர் பொலிஸ் விசாரணைக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"உனக்காக வெயிலுக்குள்ள பதாகை பிடிச்சனாங்கள், தம்பி," என்றார் மூத்தவர்.

"ஓம் அண்ணை, படத்தில பார்த்தனான். பொலிஸுக்கு என்ர பேரைச் சொன்னதும் நீங்கள்தானே."

"கேட்டாங்கள். சொல்லாமல் இருக்க ஏலாது."

"மணல் கடத்தல் செய்தியை நாலு பேரும் சேர்ந்துதானே எழுதினனாங்கள்?"

"எனக்குப் பிள்ளையள் இருக்கு."

"எனக்கும் இருக்கு. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாங்கள். நீங்களும் உள்ள வந்து, நாங்களும் எழுதினது எண்டு சொல்லுவீங்களோ?"

"வாசலில பதாகையோட நிக்கிறம், தம்பி."

இளையவர் தனித்து எழுதிய செய்திக்காக அவருக்குத் துணை நிற்பதாகச் சங்கத்தின் அறிக்கை கூறுகிறது. அச்செய்தியை நால்வர் எழுதினர்.