கழித்துவிட யாரும் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் சபை மூப்பர்களே, இறையியல் கல்லூரி ஆசிரியர்களே, போதகர் ஐயாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் அவர்களே, பெரியோர்களே, மாணவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் நான் பேசும் நான்காவது இரங்கல் உரை இது. களைத்துவிட்டேன். கைவசம் இருந்த புகழ்மொழிகள் தீர்ந்துவிட்டன. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

நம் போதகர் ஐயாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘எல்லாரும் ஐயா’. கடவுள் முடிவில் எல்லாரையும் மீட்டுக்கொள்வார் என்பது அவர் நம்பிக்கை. அதை மறுத்து, அடுத்த வகுப்பறையில் இருபத்தாறு ஆண்டுகள் தொண்டை வற்றக் கத்தியவன் நான்.

“யோவ், எல்லாரும் போய்ச் சேந்துடுவோம்னா அப்புறம் எதுக்குய்யா இந்த மெனக்கெடல்?” என்று கேட்பேன்.

“எல்லாரும் வரப்போறாங்க. அதனாலதான்யா மெனக்கெடணும். யாரையும் கழிச்சுவிட முடியாது பாரு” என்பார்.

பேச்சு சாமர்த்தியம் என்று நினைத்தேன். அது எவ்வளவு பாரமான வாக்கு என்று அப்போது எனக்குத் தெரிந்ததா? தெரியவில்லையே!

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்து காவலாளி ஒருவர் இறந்தார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியது அவர்தான் என்று விசாரணை முடிந்தது. பழுது எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். சென்ற ஆண்டு அந்த மெக்கானிக் ஐயாவைத் தேடி வந்தார். அவரும் காவலாளியின் மனைவியும் இசைந்ததால்தான் இதைச் சொல்கிறேன். நானும் அன்று அந்த அறையில் இருந்தேன்.

“ஐயா, ஆண்டவர் என்னையும் சேத்துக்குவாரா?”

“சேத்துக்குவாரு.”

மெக்கானிக் பெருமூச்சு விட்டு எழுந்தார்.

“உக்காருங்க. அந்தக் காவலாளியும் அங்க இருப்பாரு. அவரு வீட்டம்மாவும் வருவாங்க. அவங்க மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க? அங்க போய்ப் பாக்கறத இங்கயே பாத்துடலாம், வாங்க.”

போனார்கள். காவலாளியின் வீடு மூன்றாவது மாடி. கதவு திறந்தது, முகத்தில் அடித்தாற்போல் மூடியது. அடுத்த சனிக்கிழமை போனார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும்! இதய நோயாளியான ஐயா, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, ஏழு வாரம் ஏறினார். “போதும், அவன் தலையெழுத்து, விட்டுடு” என்றேன். கேட்டாரா?

எட்டாவது வாரம், ஐயா பிறகு என்னிடம் சொன்னபடி, அந்த அம்மா வெளியே வந்தார். “நான் மன்னிக்கணுமாக்கும்?”

“வேணாம்மா. கேக்கணும்னு மனசுல இருக்கறதக் கேளுங்க. இவரு பதில் சொல்லுவாரு.”

“அன்னிக்குக் கம்பிய நிஜமாவே பாத்தியா?”

மெக்கானிக் சொன்னார்: “பாக்கலம்மா. எதிர்ல டீக்கடையில உக்காந்தே கையெழுத்துப் போட்டேன். உங்க வீட்டுக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல.”

அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “மூணு வருஷமா அவரத்தானே எல்லாரும் ஏசினாங்க” என்றார்.

மறுவாரம் மெக்கானிக் அதை எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. விசாரணை மறுபடி தொடங்கியிருக்கிறது. மன்னிப்பு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இந்தக் கூட்டத்திலும் மெக்கானிக் கதவோரம் நிற்கிறார். அந்த அம்மா நடுவரிசையில் இருக்கிறார். இரங்கல் கூட்டத்தில் பொய்யாக ஒரு சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்பர்களே, ஐயாவின் கோட்பாட்டை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் நியாயத்தீர்ப்பைப் பற்றி இத்தனை ஆண்டு பாடம் எடுத்த நான், குற்றவாளி ஒருவனோடு ஒரு படியாவது ஏறினேனா?

சற்றுமுன் வாசலில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். “வியாழக்கெழமை விசாரணைக்குப் போதகர் ஐயா கூட வரேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப அந்த ஆளு தனியா நிக்கணுமே. நீங்க வருவீங்களா?” என்று கேட்டார்.

நான் நேரே மேடைக்கு ஏறி வந்துவிட்டேன். இதோ, உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறேன்: வருகிறேன் அம்மா.