பலகாரத்தில் படாத கை

"மகள்ட கலியாணத்துக்குக் கட்டாயம் வாங்க மச்சாள். பலகாரத்துல மட்டும் கை வைச்சிராதீங்க."

கல்லடி பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இது கேட்டபோது, நான் பத்திரிகையில் சீனத்தில் ஜப்பான் நடத்தும் போரைப் படித்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். உலகத்துக்கு நான் செய்யும் தொண்டு அவ்வளவுதான். அந்த மச்சாளின் மடியிலோ ஓர் உண்டியல் இருந்தது. சீனாவில் காயப்பட்டவர்களுக்கு மருந்து அனுப்பக் காசு சேர்க்கிறார் என்று அதில் ஒட்டியிருந்த தாள் சொன்னது. அழைத்தவருக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கலாம், அவ்வளவு இடைவெளி.

"மாரில இருந்த புத்துநோய அறுத்து எறிஞ்சு மூணு வருசமாச்சு கா. தொத்தாதெண்டு டாக்குத்தரே சொல்லிட்டார்."

"டாக்குத்தரா வந்து பலகாரம் திங்கப் போறார்? மாப்பிள்ளை வீட்டார் தொடமாட்டாங்களே."

"நான் தூக்கி வளத்த புள்ள கா அவள்."

"அதுக்குத்தானே வரச் சொல்றன்."

சொன்னவர் கையை எட்ட நீட்டி, உண்டியலில் விரல் படாமல் ஒரு காசை மேலிருந்து போட்டார்.

"கண்டறியாத சீனாக்காரனுக்காக ஏன் மச்சாள் இந்தப் பாடு?"

"அவன் எண்டா, மருந்து யார்ட கையால வந்ததெண்டு கேக்கமாட்டான் கா."