எடுக்காத பொட்டலம்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போல எழுதத் தோதான அட்டை வேறு இல்லை, ஐயா. கெட்டியாக இருக்கும், ஓரம் மடங்காது, காசும் கிடையாது. என் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்களே, அத்தனையும் எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில் நடந்த கல்யாணங்கள்தான். சூதாட்டம் என்று ஏட்டையா சந்தேகப்பட்டார். இல்லை. அது கதை விளையாட்டு.

சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் என் அத்தை மகன் போன வருஷம், 2002 கோடை லீவில், வந்து சொல்லிக்கொடுத்தது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். "குகை வாசல்ல நிக்கறே, என்ன பண்ணுவே?" என்று இவன் கேட்பான். அவர்கள் சொல்கிறபடி கதை திரும்பும். அவனிடம் அதற்கென்று அச்சடித்த புத்தகமே இருந்தது. எங்களிடம் இல்லை. அதனால் நான் சீட்டு எழுதினேன். மூன்று கட்டு: இடம், ஆள், இடைஞ்சல். கட்டுக்கு ஒன்று உருவினால் ஒரு கதை தயார். இடிந்த பாலம், ஒற்றைக்கண் வைத்தியர், நாக்கில்லாத மணி. இந்த மூன்றை வைத்து நான் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

விதி ஒன்றுதான். கதை நடத்துகிறவன் சீட்டு எடுக்கக் கூடாது. எழுதுவதும் கலைப்பதும் என் வேலை. எடுப்பது மற்றவர்கள் கை. அப்போதுதான் நியாயம்.

ஆடியது நாங்கள் நாலு பேர். ரமீஸின் அப்பா பீர் முகமது துறையூர்க்காரர். மிளகு வாங்குவதற்காக மலைமேல் ஒரு குடோன் பிடித்திருந்தார். அங்கே மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஆடுவோம். கதைக்குள் ரமீஸ் திருடன். அருள்மொழி ஒற்றர் தலைவி. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சீட்டு எடுத்த பிறகு, எடுக்காத சீட்டையும் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டாள். ராசப்பன் பயந்தாங்கொள்ளி மந்திரி.

"மூணு வழி பிரியுது. மந்திரி எதுல போறாரு?" என்பேன்.

"மந்திரி எங்கயும் போவ மாட்டாருங்க. உக்காந்து யோசிப்பாரு."

"பின்னால பாம்பு வருதுடா," என்பாள் அருள்மொழி.

"அதுக்கும் யோசிக்க டைம் குடுக்கோணுமில்ல கண்ணு."

ரமீஸ் மூட்டையிலிருந்து உருண்டு விழுந்து சிரிப்பான். ராசப்பன் இல்லாத ஆட்டம் உப்பில்லாத களி.

இந்தத் தையில் அவர்கள் எடுத்த சீட்டுகள்: மலைக்கோட்டை, ஊமை ராணி, திறக்காத கதவு. நான் நடத்தியதிலேயே நல்ல கதை அதுதான். அந்தக் கதவின் சாவி மந்திரியின் சட்டைப் பையிலேயே இருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. அதைக் கடைசி ஆட்டத்துக்கென்று வைத்திருந்தேன். ராசப்பன் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. இது உங்களுக்குப் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் அவனுக்கு வயிற்று வலி வந்தது. வலது பக்கம், அடியில். வாந்தி, காய்ச்சல். ரமீஸ் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ராசப்பனின் அப்பா சின்னுசாமியிடம் கெஞ்சினான்.

"ஏனுங்க மாமா, ஏத்துங்க. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க."

"பூ கேட்டுட்டுப் போலாஞ் சாமி. கேக்காம எங்கண்ணனக் கீழ எறக்குனோம். பொணமாத்தான் ஊடு வந்தான்."

எங்கள் ஊரில் பூக் கேட்பது இப்படி: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கீழே போகலாம். சிவப்பு வந்தால் இங்கேயே பச்சிலை வைத்தியம். எதில் எது என்று வெளியே தெரியாமல் மடிக்க வேண்டும். பூசாரி மாணிக்கம் என்னைப் பார்த்தார்.

"சீட்டுக் கலைக்கிற கை. அருணாசலமே கட்டட்டும்."

நான் நிதானமாகத்தான் யோசித்தேன், ஐயா. ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன், தையல், மாதக்கணக்கில் படுக்கை. சித்திரையில் ரமீஸ் துபாய் போகிறான். பிறகு ஆட்டமே கிடையாது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் தள்ளிப் போனால் போதும். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்தேன். வெள்ளரளி என் டவுசர் பைக்குள் போயிற்று.

பூசாரி வீட்டுக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. சிவப்பு. ரமீஸ் ஜீப்பை அணைத்தான்.

மறுநாள் ராசப்பனின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆடினோம். போர்வைக்குள் சுருண்டு கிடந்தான்.

"மந்திரிக்கு இன்னிக்கு லீவுங்க."

"மந்திரிக்கு ஏதுடா லீவு?"

என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். பிறகு என்னிடம் மட்டும் கேட்டான். "ஏண்டா அருணாசலம், கீழ போயிருக்கலாமோ?"

"பூ சொல்லிருச்சல்ல," என்றேன்.

உச்சி சாய்ந்ததும் வலி சட்டென்று நின்றுவிட்டது. சின்னுசாமி கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "பூ பொய் சொல்லாதுங்க." எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் செய்தது சரியாகத்தானே முடிந்திருக்கிறது. ராசப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சட்டைப் பைக்குள் கைவிட்டான். இல்லாத சாவியை எடுத்தான், இல்லாத கதவைத் திறந்தான். அருள்மொழி அழுதுவிட்டாள். அப்படி ஒரு முடிவு எல்லாருக்கும் வாய்க்காது.

குடல்வால் உள்ளே வெடித்தால் வலி கொஞ்ச நேரம் நின்றுபோகும் என்பது நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியும்போது அவன் இல்லை.

எடுக்காத பொட்டலத்தை எங்கள் ஊரில் யாரும் பிரிப்பதில்லை. வாக்கு வந்த பிறகு அதில் என்ன இருக்கிறது. அது கோயில் மூலையில் கிடந்து காயும். காரியம் முடிந்த மறுநாள் அருள்மொழி போய்ப் பிரித்திருக்கிறாள். அவள் பழக்கத்தைத்தான் சொன்னேனே. குடோனுக்கு வந்து, வதங்கிய செவ்வரளியைச் சீட்டுக் கட்டின்மேல் வைத்தாள்.

"இதுலயும் செவப்புத்தான்," என்றாள். என்னைத் திட்டவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், இரண்டையும் மடித்தது நான்தான். தெரிந்துதான் மடித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பொட்டலத்தை எடுத்தது குழந்தை. கதை நடத்துகிறவன் எடுக்கக் கூடாது. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.